டேப் ஒட்டிய குமிழ்

பிஜியில் ராணுவம் முதன்முறையாக ஆட்சியைப் பிடித்த வருடம் அண்ணன் ஆக்லாந்துக்குப் போனார். தன் கறுப்பு வெள்ளை டிவியை என்னிடம் விட்டுச் சென்றார். அப்போது இங்கே டிவி ஒளிபரப்பே கிடையாது. வீடியோ டெக்கில் படம் பார்க்கத்தான் டிவி. டெக்குக்குரிய எண்ணில் சேனல் குமிழை வைத்து, யாரும் திருப்பாதபடி டேப் ஒட்டியிருந்தார்.

அடுத்த வாரம் மகளும் ஆக்லாந்துக்குப் போகிறாள். நகாசியில் இருக்கும் எங்கள் வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தவள், டிவியைக் காட்டி, "ஓடலேன்னா இதையும் தூக்கிப் போட்டுருவேன் மா," என்றாள்.

அண்ணன் விட்டுப்போனதில் மிச்சம் அது ஒன்றுதான். சிக்னலைப் பழைய டிவிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி ஒன்றைக் கடையில் வாங்கி, இன்றைய செட்டாப் பாக்ஸை அதன் வழியே இணைத்தேன். திரையில் வெறும் புள்ளிகள். அண்ணனை வீடியோ காலில் அழைத்தேன்.

"குமிழத் திருப்பினியா?"

"நீங்கதானே தொடாதேன்னீங்க!"

"அது டெக்குக்குச் சொன்னதும்மா! புதுப் பெட்டிக்கு வேற நம்பர் இருக்கும். இத்தன வருஷமா தொடவே இல்லியா?"

டேப்பை உரித்தேன். 'டக் டக்' என்று இரண்டு முறை திருப்பியதும் செய்தி வாசிப்பவரின் சாம்பல் முகம் தெளிந்தது.

மகள் பயணப் பெட்டியை விட்டு வந்து உட்கார்ந்தாள். "மத்த நம்பர்ல என்ன இருக்கு மா?"

எனக்கும் தெரியாது. இருவரும் ஒவ்வொன்றாகத் திருப்பினோம்.