கடல் மணல் பூசிய உலை

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். கோயம்புத்தூர், பெல்காம், ராஜ்கோட் என்று உலோகம் வார்க்கும் ஃபவுண்டரிகளில் மணல் அள்ளினேன், அச்சு தட்டினேன். உலையை மட்டும் யாரும் என்னிடம் விட்டதில்லை. வேலை கசந்த அன்றே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன், யாரிடமும் சொல்லாமல். போன வருடம் உழவர்கரை வீட்டுக்குத் திரும்பியபோது மனைவி சோறு போட்டுவிட்டுச் சொன்னாள்:

"இன்னொரு வாட்டி பைய தூக்குனா அப்பிடியே போயிடு. வந்து கதவத் தட்டாத."

அவள் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கிறாள். வீட்டுக்குப் பின்னாலேயே அலுமினியம் உருக்கி, தண்ணீர் மோட்டாருக்குச் சின்னப் பாகங்கள் வார்க்கிறேன் என்றேன். துணி துவைக்கிற இடத்தை ஒதுக்கிக் கொடுத்தாள்.

ஒரு பழைய பெயிண்ட் டிரம் வாங்கி, கீழே காற்று ஊத ஒரு குழாய் வைத்தேன். உள்ளே நான்கு விரல் கனத்துக்குக் களிமண்ணும் மணலும் பிசைந்து பூச வேண்டும். ஆற்று மணலுக்கு ஆள் பிடிக்கணும்; கடல் மணல் சைக்கிள் தூரத்தில் கிடந்தது. இரண்டு சாக்கு அள்ளி வந்து, உப்புப் போக மூன்று தண்ணீரில் அலசினேன். கிளிஞ்சல்களில் பெரியதைப் பொறுக்கி எறிந்தேன். பொடியை மணலோடே விட்டுவிட்டேன். பத்து நாள் நிழலில் காயவிட்டு, இரண்டு நாள் சிறுதீ போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கரி போட்டு ஊதினேன். ஸ்கூட்டர் இன்ஜின் உடைசல் அரை மணியில் உருகியது. பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்னா, பால் காய்ச்சுறியா? வீடு குடி போறோமா?" என்றார். வார்த்த மோட்டார் மூடி நன்றாகவே வந்தது. மனைவி கையில் வாங்கிக் கனம் பார்த்தாள். லாஸ்பேட்டை மெக்கானிக் ஒருவர் வெள்ளிக்கிழமைக்குள் அதே மாதிரி பத்து கேட்டார்.

புதன்கிழமை உலையைத் திறந்தால் பூச்சு பாதி அடியில் கிடந்தது. மீதியைத் தொட்டேன். மாவாக உதிர்ந்தது. யாரும் தட்டவில்லை, மழையும் இல்லை. அப்படியே உட்கார்ந்தேன். வருத்தமோ கோபமோ வரவில்லை. வடக்கே போகும் ரயில் எப்போது என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மதியம் வேலை முடிந்து வந்தவள் குனிந்து, வெள்ளைப் பொடியை விரலில் தேய்த்துப் பார்த்தாள்.

"கிளிஞ்சல சுட்டா சுண்ணாம்பு ஆவும். வெத்தலக் கடையில கேட்டிருந்தா சொல்லியிருப்பான்யா."

கடல் காற்றின் ஈரம் மூன்று நாளில் அதை நீற்றி, உப்பவைத்து, பூச்சையே உதிர்த்துவிட்டது. எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

"இப்ப எந்த ஊருக்கு?" என்றாள்.

"லாஸ்பேட்டைக்கு. வெள்ளிக்கிழம முடியாதுன்னு சொல்லணும்" என்றேன்.

அவள் முகம் கழுவப் போனாள். நான் சைக்கிளில் போய்ச் சொன்னேன். மெக்கானிக் கடையில் நாலு பேர் முன்னால் திட்டினார். அவர் முடிக்கும்வரை நின்றேன். முடித்ததும் ஆற்று மணல் எங்கே கிடைக்கும் என்று அவரிடமே கேட்டேன்.