மேற்கே திரும்பித் துப்பிய தோட்டம்

டிரெசர் நல்லதம்பி அவர்கள் காலமான செய்தி வந்தபோது என் வாய் நிறைய மருந்துத் தண்ணீர் இருந்தது. ஈறு வீங்கியிருக்கிறது என்று பல் டாக்டர் கொடுத்த மருந்து. கொப்பளித்துத் துப்ப வேண்டும். என் மகன் குளியலறை வாசலில் வந்து நின்று, "அப்பா, குருண் பட்டணத்துல இருந்து போன் வந்துச்சு. டிரெசர் ஐயா தவறிட்டாராம்" என்றான். நான் மடக்கென்று விழுங்கிவிட்டேன்.

முதலில் வந்தது அழுகை அல்ல, பயம். துப்ப வேண்டியதை விழுங்கியது டிரெசருக்குத் தெரிந்தால் என்னைச் சும்மா விடுவாரா என்ற பயம். தெரிந்துகொள்ள அவர் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. பல் டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டோம். ஒரு வாய்தானே, தண்ணீர் குடியுங்கள், வயிற்றைப் பிசைந்தால் உடனே வாருங்கள் என்றார். வயிறு ஒன்றும் செய்யவில்லை. மனசுதான் பிசைந்தது.

இன்றைய பிள்ளைகளுக்கு டிரெசர் என்றால் புரியாது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுத்து, புண்ணுக்குக் கட்டுப் போட்டு, காய்ச்சல்காரரைப் படுக்க வைத்துப் பார்ப்பவர் அவர். பெரிய டாக்டர் பட்டணத்திலிருந்து எப்போதாவது காரில் வருவார். மற்ற நாளெல்லாம் எங்கள் உயிர் டிரெசர் கையில்தான். மலாயாவில், சிடாம் கிரி ஊர்ப் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் நான் தமிழ்ப்பள்ளி வாத்தியார். அவர் வீடும் என் வீடும் ஒரே சுவர். அவர் இருமினால் எனக்குக் கேட்கும், நான் பாடம் படித்தால் அவர் சுவரைத் தட்டுவார்.

நான் தோட்டத்துக்கு வந்த புதிதில் அவரை ஒரு முரட்டு ஆள் என்றுதான் நினைத்தேன். விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் நேரத்தில், கொயினா மருந்துப் பாத்திரத்தோடு வந்து நிற்பார். மலேரியாக் காய்ச்சல் கொள்ளை கொண்டுபோன காலம் அது. கசப்புக்குப் பயந்து எங்கள் சனம் மருந்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, மரத்தடிக்குப் போனதும் துப்பிவிடும். அதனால் டிரெசர் ஒவ்வொருவர் தொண்டையையும் உற்றுப் பார்ப்பார். "முழுங்கு! வாயைத் தொற! நாக்கைத் தூக்கு!" ஆட்களை மேய்க்கும் கங்காணி மாரிமுத்துவே ஆனாலும் நாக்கைத் தூக்கிக் காட்டாமல் நகர முடியாது. வருஷக்கணக்கில் இந்தப் பாடம் நடந்து, டிரெசர் எதை ஊற்றினாலும் முழுங்கி நாக்கைக் காட்டும் பழக்கம் தோட்டத்துக்கே ஊறிப்போயிற்று.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை ஓடினார், அரிசி ஓடியது, மருந்தும் ஓடியது. மரவள்ளிக்கிழங்கே சோறு, அதுவே பலகாரம். கொஞ்ச நாளில் ஆளுக்கு ஆள் வாய்ப்புண், ஈறுகளில் ரத்தம், பேசினால் நாற்றம். டிரெசர் அலமாரியைத் துழாவினார். ஒரு புட்டியில் ஊதாக் குருணைகள் மிஞ்சியிருந்தன. பெர்மாங்கனேட். கிருமியைக் கொல்லும், அளவு தப்பினால் வாயையும் சுடும். அதைத் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, துணியில் வடிகட்டி, அன்றன்றைக்குப் புதிதாகக் கலந்து பெரட்டுக்குக் கொண்டுவந்தார்.

வரிசையில் முதல் ஆள் கங்காணி. வரிசை முழுக்க ஆளுக்கொரு குவளையில் டிரெசர் ஊற்றி முடித்தார். கங்காணி முழுங்கினார், வாயைத் திறந்தார், நாக்கைத் தூக்கிக் காட்டினார். டிரெசர் அலறுவதற்குள் அடுத்தடுத்து நின்றவர்களும் கையிலிருந்ததை முழுங்கிவிட்டு, ஒழுங்கான பிள்ளைகளாக நாக்கைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

"அடப்பாவிகளா! இது கொப்பளிக்கிற மருந்துலா! துப்புங்க!"

"துப்பினா ஏசுவீங்க, முழுங்கினாலும் ஏசுறீங்க. நாங்க என்னதான்யா செய்யிறது?" என்றார் கங்காணி.

டிரெசர் அன்று முழுக்க வீடு வீடாகப் போய்த் தண்ணீர் குடிக்க வைத்து, ஒவ்வொருவர் வயிற்றையும் விசாரித்துக்கொண்டே திரிந்தார். நல்லவேளை, மருந்து நீர்த்து இருந்ததால் குமட்டலோடு போயிற்று. என்னிடம் வந்து உட்கார்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. "வாத்தியாரே, நான்தான் இவங்களுக்கு முழுங்கப் பழக்கினேன். இப்ப நானே துப்பப் பழக்கணும்" என்றார்.

பழக்கினார். நிறம் ரோஜாப்பூ அலசின தண்ணீர் மாதிரி இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், கத்திரிக்காய் நிறம் வந்தால் கீழே கொட்ட வேண்டும். துப்பத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்கு இந்த மருந்தே கிடையாது. புண் ஆறியதும் நிறுத்திவிட வேண்டும், ஆறாவிட்டால் அவரிடம் வந்து காட்ட வேண்டும். "மருந்து கொப்பளிச்சா பல்லு விளக்க வேணாம்னு எவன் சொன்னான்? ஈறு ரத்தம் வருதுன்னா கீரையும் கொய்யாவும் தின்னு. வெறும் தண்ணி எல்லாத்தையும் பார்த்துக்குமா?" என்பார். கங்காணி மட்டும், காரம் கூடினால் குணம் கூடும் என்று குருணை கேட்டு வாங்கிப்போய்க் கெட்டியாகக் கலக்கிக் கொப்பளித்தார். வாய் வெந்து, பல்லெல்லாம் பழுப்பாகி, மகள் கல்யாணத்தில் வாயை மூடிக்கொண்டே சிரித்தார். அன்றிலிருந்து குருணைப் புட்டி டிரெசரின் பூட்டிய பெட்டிக்குள் போயிற்று.

அந்தக் காலத்தில் எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக ஒரு ஜப்பான் அதிகாரி இருந்தான். பெரட்டில் எல்லாரும் கிழக்கே திரும்பி, அவர்களுடைய சக்கரவர்த்தி இருக்கும் திசைக்குக் குனிந்து வணங்க வேண்டும். குனிவு குறைந்தால் கன்னத்தில் அறை. சில நாளாக வணங்கினாலும் அறை, வணங்காவிட்டாலும் அறை. காரணம் டிரெசருக்குத்தான் தெரிந்தது. "ஈறு வீங்கியிருக்கு வாத்தியாரே. வலி அவனுக்கு, அடி நமக்கு."

ஒரு நாள் காலை அவனே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஆள் வரிசைக்கு முன்னால் வந்து டிரெசரைக் கூப்பிட்டான். டிரெசர் மருந்தைக் கலந்து பணிவாக நீட்டினார். அவன் குவளையைப் பார்த்தான், டிரெசரைப் பார்த்தான். "மினும்!" என்றான். குடி என்று மலாயில் சொன்னான். நீ முதலில் குடி, விஷமா இல்லையா பார்க்கிறேன் என்று அர்த்தம்.

டிரெசர் குடித்தால் அவனும் குடிப்பான், வயிறு புரண்டால் கத்தியை உருவுவான். குடிக்கக் கூடாது என்று சொன்னாலோ, விஷம் என்று ஒப்புக்கொண்டது போல. செய்து காட்டலாம் என்றால் துப்ப வேண்டுமே! குனிவு குறைந்ததற்கே அறைகிறவன் முன்னால் துப்பினால் தலை தங்குமா? நான் அப்போது பள்ளியில் ஜப்பான் மொழி சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தவன். எனக்குத் தெரிந்தது வணக்கமும் எண்களும்தான். வாயைத் திறக்கப் போனேன். "வாத்தியாரே, நீங்க சும்மா இருங்க. பேசினீங்கன்னா ரெண்டு தலை போகும்" என்றார் டிரெசர், உதடு அசையாமல்.

பிறகு அவர் செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கிழக்கே திரும்பி, முதுகு மடங்கக் குனிந்து வணங்கினார். அதிகாரிக்கும் ஒரு வணக்கம். அப்புறம் நேர் மேற்கே திரும்பினார். ஒரு வாய் எடுத்தார், கடகடவென்று கொப்பளித்தார், காட்டோரச் சாக்கடைக் கானில் குனிந்து துப்பினார். திரும்பி வந்து, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினார்.

அதிகாரி அசையவில்லை. கை இடுப்புக் கத்தியில் இருந்தது. கன்னம் அதிகமாய் வீங்கியதா முகம் அதிகமாய்ச் சிவந்ததா என்று சொல்ல முடியாது.

அப்போது கங்காணி வரிசையை விட்டு வெளியே வந்தார். கிழக்கே குனிந்தார், மேற்கே திரும்பினார், மருந்தை வாயில் ஊற்றிக்கொண்டார். எங்கள் எல்லார் கண்ணும் அவர் தொண்டையில். முன்பு முழுங்கிய ஆசாமி ஆயிற்றே! குரல்வளை ஒரு தரம் ஏறியது. டிரெசர் கண்ணை மூடிக்கொண்டார். கங்காணி துப்பினார். நாக்கைத் தூக்கிக் காட்டினார். அவருக்குப் பின்னால் ஆணும் பெண்ணுமாகத் தோட்டமே வந்து கிழக்கே குனிந்தது, மேற்கே துப்பியது. அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நானும் போய்த் துப்பினேன்.

கடைசியில் அதிகாரி குவளையை வாங்கினான். கிழக்கே எங்களைவிட நன்றாகக் குனிந்தான். மேற்கே திரும்பிக் கொப்பளித்துத் துப்பினான். வந்து, என்ன நினைத்தானோ, டிரெசர் முன்னால் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினான். டிரெசர் பழக்கதோஷத்தில், "ம், சரி, போ" என்றார்! நல்லவேளை அவனுக்குத் தமிழ் தெரியாது.

வீக்கம் வடிந்தது, அறையும் குறைந்தது. புண் ஆறிய பிறகும் அவன் தினமும் மருந்து கேட்டான். டிரெசர் குவளையைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, பல் விளக்கும் குச்சியை நீட்டினார். ராணுவமே வந்தாலும் அவருடைய மருந்துக்கு அவர் வைத்ததுதான் கணக்கு.

சண்டை முடிந்து கொயினா திரும்பி வந்ததும் மறுபடி "முழுங்கு!" ஆரம்பித்தது. எங்கள் சனம் மறுபடி துப்பியது, ஆனால் மரியாதையாக, மேற்கே திரும்பி. டிரெசர் திட்டத் தொடங்கிச் சிரித்துவிடுவார்.

ஓய்வு பெற்றுக் குருணில் மகன் வீட்டில் இருந்தார். போன தீபாவளிக்குப் போனபோது பலகாரத் தட்டை நகர்த்திவிட்டு, "வாயைத் தொறங்க வாத்தியாரே" என்றார். என் ஈறுகளைப் பார்த்து, "பல் டாக்டர்கிட்ட போங்க. கடையில கண்ட புட்டியை வாங்கி நீங்களே கொப்பளிச்சுக்கிட்டு இருக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினார். அவர் சொல்லித்தான் நான் போனேன். அன்று காலை என் வாயில் இருந்ததும் அவர் சொல்லி வந்த மருந்துதான்.

இறுதிச் சடங்கில் வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். கங்காணி எப்போதோ போய்விட்டார். அந்தப் பெரட்டில் நின்றவர்களில் நான் மட்டும்தான் அங்கே இருந்தேன். எத்தனை பேர் வாயைத் திறக்கச் சொன்ன மனிதர்! அவர் வாயை மற்றவர்கள் திறந்து வைத்திருந்தார்கள். அரிசியைப் போட்டேன். குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்: "ஐயா, இதை முழுங்காதீங்க. துப்பிட்டு எந்திரிச்சு உட்காருங்க."

அவர் துப்பவில்லை. நான்தான் வெளியே வந்து, குழாயில் வாய் கொப்பளித்து, மேற்கே திரும்பித் துப்பினேன். போய் வாருங்கள், டிரெசர் ஐயா.