குளத்துக்குள் போன பன்னிரண்டு மீட்டர்

எங்கள் நில அளவை அலுவலகத்தில் அவளுக்கு மில்லிமீட்டர் என்று பெயர். வைத்தது நான்தான், மறைக்க என்ன இருக்கிறது? அவள் சர்வேயர், நான் வரைபடம் போடுகிறவள். ஒன்பது வருடமாக ஒரே மேசையின் இரண்டு பக்கம் உட்கார்ந்திருக்கிறோம். என் பக்கம் இரண்டு அங்குலம் அதிகம் என்று முதல் நாளே அளந்து சொன்னாள். எப்படி எரிந்திருக்கும் எனக்கு!

துணிக்கடைக்குப் போனால் கைப்பையிலிருந்து சொந்த டேப்பை எடுப்பாள். கடைக்காரர் முகம் சுண்டிப் போகும். கல்யாணம் பேசியபோது மாப்பிள்ளை தன் உயரம் ஐந்தடி பத்து என்றாராம். "இல்லீங்க, அஞ்சடி எட்டரைதான்" என்றாளாம் இவள். "அன்னிக்கே எழுந்து ஓடியிருக்கணும் தங்கச்சி, கால்தான் வரல" என்று அவர் என்னிடம் நூறு தடவை சொல்லியிருப்பார்.

அவருக்கு எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் வேலை. ரிக் போகிற ஊருக்கெல்லாம் அவரும் போக வேண்டும். கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில், இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்ததைக் கூட்டினால் மூன்று வருடம் தேறாது. இப்படியிருக்க, எங்கள் ஊரை ஒட்டிய அரசு மேய்ச்சல் நிலத்துக்கே அந்த ரிக் வந்து சேர்ந்தது. அனுமதி கிடைத்தால் இரண்டு வருடம் வீட்டிலிருந்தே வேலைக்குப் போய் வரலாம். அவர் துணிமணிக்கென்று அவள் புதிதாக ஓர் அலமாரி வாங்கினாள். வாசலை அளந்துவிட்டுத்தான்.

ஆனால் அரசு நிலத்தில் நினைத்த இடத்தில் துளை போட முடியாது. குளத்திலிருந்தும் பள்ளிக்கூடத்திலிருந்தும் ஐந்நூறு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், அதுதான் விதி. பள்ளிக்கூடத்தை முதல் நாளே அளந்தாயிற்று. ஐந்நூற்றொன்று. கிணற்றை அந்தப் பக்கம் நகர்த்த ஒரே ஒரு மீட்டர்தான் இடம். மிச்சம் இருந்தது குளம்.

"வேற யாரையாவது அளக்கச் சொல்லேன்டி" என்றேன். வேறு யார் இருக்கிறார்கள்? இன்னொரு சர்வேயர் கால் உடைந்து வீட்டில் கிடந்தார். டேப் நுனி பிடிக்கிறவருக்கும் அன்று பார்த்துக் காய்ச்சல். கம்பெனி சார்பில் வந்து நின்ற இவள் வீட்டுக்காரர், "நான் பிடிக்கறேன்" என்று முந்திக்கொண்டார். எனக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது. அளவு எழுதும் நோட்டு என் கையில்.

டேப் ஐம்பது மீட்டர் நீளம். கிணற்றுக்குக் குறித்த இடத்திலிருந்து ஒன்பது தடவை இழுத்து, நானூற்று ஐம்பதில் முளை அடித்து அவள் நின்றாள். அவர் நுனியைப் பிடித்துக்கொண்டு குளத்தைப் பார்த்து நடந்தார். கரை நெடுக நாணல் ஆளுயரத்துக்கு மண்டிக் கிடந்தது. உள்ளே போனவர் கண்ணிலிருந்து மறைந்தார்.

"கரைக்கு வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன், வந்துட்டேன்!"

டேப் சரியாக ஐம்பது காட்டியது. "ஐந்நூறுடி!" என்று நான் குதித்தேன். அவள் குதிக்கவில்லை.

"எழுதாதே. இத்தனை வருஷத்துல எந்த நிலமும் எனக்கு இப்படி முழுசா கணக்கு காட்டினதில்ல" என்றவள், நாணலை விலக்கிக்கொண்டு விறுவிறுவென்று போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

அடப்பாவி மனுஷா! நெஞ்சளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் டேப் நுனி. இன்னொரு கையில், தலைக்கு மேலே, செருப்பு ஜோடி.

"அங்க என்ன பண்றீங்க?"

"கரை கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கும்மா."

நான் சிரித்துவிட்டேன். அவள் முறைத்தாள், என்னையும் சேர்த்து.

"கொஞ்ச தூரம்தானே, விடேன். தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன?"

"உங்களுக்கு இன்னும் நெஞ்சு வரைக்கும்தான் வந்திருக்கு. வெளியே வாங்க."

அவர் வரவில்லை. குரல் மட்டும் மாறிவிட்டது. "பதினோரு வருஷமா பெட்டியைத் தூக்கிட்டே திரியறேன். எனக்கு வீட்டுல இருக்கணும்மா. உன்கூட."

எந்நேரமும் கேலி பேசுகிற வாய் அது. அவள் கண் நிறைந்துவிட்டது. "எனக்கு மட்டும் ஆசையில்லையா? உங்களுக்குன்னு வாங்கின அலமாரி காலியாக் கிடக்கு. ஆனா இது ஊரே குடிக்கிற தண்ணி. அதுல நீங்க வேற இறங்கி நிக்கறீங்க. வாங்க."

கரையேறினார். சொட்டச் சொட்ட நின்று, நுனியைத் தானே தண்ணீர் விளிம்பில் வைத்தார். முப்பத்தெட்டு. பன்னிரண்டு மீட்டர் குறைவு.

"நானூற்று எண்பத்தெட்டு. எழுது" என்றாள்.

அனுமதி இல்லை என்று உத்தரவு வந்தது. பத்தாம் நாள் ரிக்கைப் பிரித்து லாரிகளில் ஏற்றினார்கள். அறுநூறு கிலோமீட்டர் தள்ளி ஏதோ ஓர் ஊர். அவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு மில்லிமீட்டர் யாரையும் திருத்தவில்லை. வேண்டுமென்றே ஒரு கோட்டைக் கோணலாகப் போட்டுக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். நான் பயந்தே போய்விட்டேன்.

அந்த ஊர் அளவை அலுவலகத்தில் ஓர் இடம் காலி என்று விசாரித்து, மறுநாள் இடமாற்றப் படிவத்தைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். மேசை முழுக்க எனக்கே வந்துவிடும். யாருக்கு வேண்டும் அது! ஆனாலும் வைத்தேன்.

ஒன்பது வருடத்தில் ஒரு சலுகை கேட்டறியாதவள். 'காரணம்' என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு தன் குண்டு குண்டான எழுத்தில் எழுதினாள்:

"அங்கே டேப் பிடிக்கிற ஆள் சரியில்லை. பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது."