ராகு காலத்தில் ஒரு விருப்பப் பாடம்

எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டில் விருப்பப் பாடங்கள் என்று சில உண்டு. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. சிதம்பரத்தில் நான் படித்த வகுப்பில் எந்தப் பாடத்தின் மீதும் யாருக்கும் விருப்பம் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. பையன்களில் பைக் வைத்திருப்பவன் மார்க்கெட்டிங் எடுப்பான். மார்க்கெட்டிங் என்றால் ஊர் சுற்றுவது என்று அவனுக்கு எவனோ சொல்லியிருக்கிறான். பெண்கள் எச்.ஆர். எடுப்பார்கள். ஏசி அறை, வெயில் படாத வேலை, மாப்பிள்ளை வீட்டில் கேட்டால் சொல்லிக்கொள்ளவும் நன்றாக இருக்கும். ஒருத்தி, சனிக்கிழமை வகுப்பு இல்லாத பாடம் எதுவென்று ஆபீஸில் விசாரித்து வந்து அதை எடுப்பதாக இருந்தாள். அவளாவது உண்மையைச் சொன்னாள்.

எனக்கு வேண்டியது ஏற்றுமதி மேலாண்மை. அப்பாவுக்குப் பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரி கம்பெனி இருக்கிறது. கொட்டையை வேகவைத்து, உடைத்து, தோலெடுத்து, தரம் பிரித்து, டின்னில் அடைத்து ஏஜெண்டிடம் கொடுப்போம். அவர் அதைக் கப்பலேற்றிவிட்டுப் பெரிய மனிதராக உலவுவார். நாமே நேராக அனுப்பினால் என்ன என்று நான் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே கேட்டு நச்சரித்திருக்கிறேன். அப்பாவின் ஆபீஸ் அறையில் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாகக் கிடந்தது. அது அண்ணனுக்குத்தான் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள், அண்ணனும்தான். அவன் இன்ஜினியரிங் முடித்து, சென்னைக்குப் போய் வேலை தேடி, கிடைக்காமல் திரும்பி வந்து, தினமும் சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் காற்று வாங்கிக்கொண்டிருந்தான். நாற்காலி எங்கே ஓடிவிடப்போகிறது என்பது துரையின் எண்ணம்.

அப்பா என்னை உட்காரவைத்து ஒருநாள் சொன்னார்.

"ஏற்றுமதி படிச்சிட்டு வந்தன்னா அந்த சீட்டு ஒனக்கு. மத்தவுங்க மாதிரி எச்சாரு கிச்சாருன்னு படிச்சிட்டு வந்தன்னா, மாமா வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்காங்க, கல்யாணத்தப் பண்ணிக்கிட்டுப் போய்க்கிட்டே இரு."

அவர் ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான். நல்லதற்கும் அப்படித்தான், கெட்டதற்கும் அப்படித்தான். அதுதான் எனக்குச் சிக்கல்.

ஏனென்றால் பத்துப் பேர் சேராத பாடம் நடக்காது. அது கல்லூரியின் விதி. நான் ஆள் பிடிக்கக் கிளம்பினேன். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து என்னோடு தினமும் ரயிலில் வரும் தோழியில் தொடங்கி, கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்து, அசைன்மென்ட் எழுதிக் கொடுப்பதாகச் சொல்லி, ஏறக்குறைய காலில் விழுந்து ஒன்பது பேரைச் சம்மதிக்க வைத்தேன். துறைமுகம் இருக்கிற ஊர்க்காரர்கள் நாம், கப்பலில் சரக்கு எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா என்றெல்லாம் பேசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். டீ குடிக்கும்போது யார்தான் தலையாட்ட மாட்டார்கள்.

பாடத்தை இணையத்தில் தேர்வு செய்ய ஒரு வாரம் கொடுத்திருந்தார்கள். நான் முதல் நாளே செய்துவிட்டேன். மற்ற ஒருவரும் கை வைக்கவில்லை. எந்தப் பாடத்தை எந்த சார் எடுக்கிறார் என்று தெரியவேண்டுமாம். எங்கள் துறையில் ஒரு வள்ளல் இருந்தார். இன்டர்னல் மார்க்கை அவர் அள்ளி அள்ளிக் கொடுப்பார். வகுப்புக்கு வந்தவனுக்கும் கொடுப்பார், வராதவனுக்கும் கொடுப்பார். அவர் நோட்ஸ் பல வருடங்களாக ஒரே நோட்ஸ், எழுத்துப் பிழைகூட மாறாமல் ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும். வியாழக்கிழமை சாயங்காலம் செய்தி வந்தது, வள்ளல் எச்.ஆர். எடுக்கிறார் என்று. அவ்வளவுதான், பைக் வைத்திருந்தவனுக்கும் மார்க்கெட்டிங் மறந்துபோனது. மேலாண்மை படிக்க வந்த இளைஞர் படை மொத்தமும் ஒரே பக்கமாகத் திரும்பியது. ஏற்றுமதியை எடுக்கப்போவதோ மார்க்கைச் சொட்டுச் சொட்டாக விடும் ஒரு மேடம்.

ரயிலில் என் தோழி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, எல்லோரும் எச்.ஆர். போகிறார்கள், தான் மட்டும் தனியாக நின்றால் நன்றாக இருக்காது என்றாள். தனியாக இல்லையே, நான் இருக்கிறேனே என்றேன். அவள் இயர்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஆலப்பாக்கம் தாண்டியும் அடங்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, கடைசி நாள். மதியம் பன்னிரண்டு மணிக்கு எல்லாம் முடிந்துவிடும். காலையில் ஒரு தேர்வு இருந்தது, அதற்கு இரவெல்லாம் படித்தவர்கள் பாடத்தை அப்புறம் அழுத்திக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். தேர்வு நேரத்தில் செல்போன் எல்லாம் வெளியே. பத்தரைக்கு வெளியே வந்து போனை எடுத்தார்கள். அப்போதுதான் வகுப்புத் தலைவன் வாட்ஸ்அப் குழுவில் அந்த அரிய செய்தியைப் போட்டான். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம், அவசரப்பட்டு யாரும் அழுத்திவிடாதீர்கள், வாழ்க்கைப் பிரச்சினை என்று. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். முதல் வருடம் முழுக்கத் தீர்மானம் எடுப்பது எப்படி என்று படித்தவர்கள் இவர்கள். அதற்கு ஒரு பரீட்சை எழுதி அதில் தேறியும் இருந்தார்கள்.

ராகு காலம் முடியும்போது இணையப் பக்கத்தையும் மூடிவிடுவார்களே என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கும் ஒரு பண்டிதன் விடை வைத்திருந்தான். கடைசி ஓரிரு நிமிடத்தில் ராகுவுக்கு வேகம் இருக்காதாம், அப்போது எல்லோரும் சேர்ந்து அழுத்திவிடலாமாம். மரத்தடியில் கும்பலாக உட்கார்ந்தார்கள், என் தோழி நடுவில்.

நான் தனியே நின்று ஏற்றுமதிக்கு எத்தனை பேர் என்று போனில் பார்த்தேன். என்னையும் சேர்த்து இரண்டு. இன்னொருவன் பரங்கிப்பேட்டைக்காரன், அவன் வாப்பாவுக்கு மலேசியாவில் கடை. சற்று முன்புதான் அழுத்தியிருக்கிறான். என்னிடம் வந்து, "எங்க வீட்டுல ராகு காலமெல்லாம் கெடையாதுங்க, அதான் டக்குன்னு முடிச்சிட்டேன்" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் பயந்துபோய் நகர்ந்துவிட்டான். என் கண்ணுக்கு முன்னால் மாமா வீட்டுத் தாம்பூலத் தட்டும், அந்த நாற்காலியில் கால் மேல் கால் போட்ட அண்ணனும்தான் தெரிந்தார்கள்.

பன்னிரண்டு அடிக்கச் சற்று முன்னால் மரத்தடியில் எல்லா விரல்களும் ஒன்றாக இறங்கின. சர்வர் பாவம், அதற்கும் ஒரு அளவு உண்டு. சிலரை உள்ளே விட்டது. மீதிப் பேருக்கு ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, பன்னிரண்டு தாண்டியும் சுற்றியது. பிறகு, நேரம் முடிந்தது என்று வந்தது.  வகுப்புத் தலைவன் போனை அணைத்து அணைத்துப் போட்டான்.

சுற்றறிக்கையின் கடைசி வரியை யாரும் படித்திருக்கவில்லை, நான் உட்பட. நேரத்துக்குள் தேர்வு செய்யாதவர்கள், ஆள் குறைவாக உள்ள பாடத்தில் சேர்க்கப்படுவார்கள் என்று அதில் இருந்தது. திங்கட்கிழமை பலகையில் ஒட்டினார்கள். வகுப்பில் பாதிப் பேர் ஏற்றுமதி மேலாண்மையில் இருந்தார்கள். வகுப்புத் தலைவன் இருந்தான், பண்டிதன் இருந்தான், என் தோழியும் இருந்தாள். அவள் பலகையைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாம் ஒன்னோட வயித்தெரிச்சல்டி" என்றாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறைக்கவும் முயலவில்லை. அந்த மேடத்தின் வகுப்பில் அவர்கள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு அலுக்கவே இல்லை. மேடம் கப்பல் ரசீதையும் வங்கி உத்தரவாதத்தையும் விடாமல் நடத்தினார். பரங்கிப்பேட்டைக்காரனும் நானும் கேள்வி கேட்டோம். பின்வரிசை கொட்டாவி விட்டது. வீட்டில் இந்தக் கதையை நான் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே சொன்னேன். அம்மாவும் சிரித்தாள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை, ஏதோ யோசித்தபடி சாப்பிட்டு எழுந்தார்.

படிப்பு முடிந்தது. அப்பா சொன்ன சொல் தவறவில்லை. நான் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, பிறகு எப்போதும்போலக் கடற்கரைக்குப் போனான். நானே தேடி, மாதிரி அனுப்பி, விலை பேசி, துபாயில் ஒரு வியாபாரியைப் பிடித்தேன். ஏஜெண்ட் இல்லாமல் எங்கள் கம்பெனியிலிருந்து நேராகப் போகும் முதல் கன்டெய்னர். ஒரு வெள்ளிக்கிழமை பதினொரு மணி வாக்கில் அவரிடமிருந்து மெயில் வந்தது. சொன்ன விலைக்குச் சம்மதம், அரை மணி நேரத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் வேறு இடத்தில் வாங்கிக்கொள்வேன் என்று.

பதிலை அடித்துவிட்டு அப்பாவைப் பார்த்தேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு தாண்டட்டும் என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்க கிளாஸ்ல பாதிப் பேரு பன்னெண்டு தாண்டட்டும்னுதான் மரத்தடியில ஒக்காந்திருந்தாங்க. எங்க போய் வுழுந்தாங்கன்னு ஒங்களுக்கே தெரியும்ப்பா."

அப்பா நிதானமாகச் சொன்னார். "அவுங்க ராகு காலம் பாத்து ஒக்காந்ததாலதான ஒனக்கு அந்த பேப்பரே கெடச்சுது. இந்த சீட்டும் அப்பிடி வந்ததுதான."

இதைத்தான் அன்று சாப்பிட்டபடி யோசித்திருக்கிறார். எம்.பி.ஏ.வில் இதற்குப் பாடம் கிடையாது. நான் மெயிலை அனுப்பிவிட்டேன்.

அப்பா என்னைத் திட்டவில்லை. கொஞ்ச நேரம் கணினித் திரையைப் பார்த்தார். பிறகு வீட்டுக்குப் போன் போட்டு அண்ணனை எழுப்பினார். பன்னிரண்டு அடிப்பதற்குள் கோயிலுக்குப் போய் ராகுவுக்குப் பரிகாரமாகத் துர்க்கைக்கு எலுமிச்சம்பழ விளக்கு ஏற்றிவிட்டு வரச் சொன்னார். எங்கள் கம்பெனியில் அண்ணனுக்குக் கிடைத்த முதல் வேலை அதுதான்.