நடந்ததா என்று கேட்டவர்கள்

அக்கா சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுக் கம்ப்யூட்டர் திரையையே முறைத்துக்கொண்டிருந்த அந்த வெள்ளிக்கிழமை மதியத்தை நினைத்தால் எனக்கு இன்றும் எரிகிறது. ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வெள்ளிக்கிழமை தொழுகைக்காக மதிய இடைவேளை நீளும். மேனேஜர்கள் மசூதிக்குப் போனதும் ஆபீஸ் பாதி காலி. இன்டர்நெட் வந்த புதிது என்பதால் அந்த நேரம் ஜோக் நேரமாகிவிட்டிருந்தது. காலணிப் பயிற்சி நிலையத்தில் கூடப் படித்தவர்கள் சேர்ந்து நடத்திய மெயில் குழுவில் என் பெரியம்மா மகளான அக்காவும் இருந்தாள். பக்கத்து நாற்காலி என்னுடையது.

அன்று குழுவில் வந்த மெயில் இதுதான்: ஓவர்டைம் முடிந்து கம்பெனி வேனைத் தவறவிட்ட தையல் பிரிவுப் பெண். வழிமறிக்கும் நாலு பேர். கடைசி வரியில் அவளே அவர்களுக்குத் தேங்க்ஸ் சொல்கிறாள். இதுதான் ஜோக்காம், தூ! அதன் கீழே வரிசையாகச் சிரிப்பு. எங்கள் ஆபீசுக்குக் கீழ்த்தளம் முழுக்கத் தையல் மெஷினில் பெண்கள்தான். வேன் போய்விட்டது என்றால் இருட்டில் ஓட்டமும் நடையுமாகத்தான் வீடு போய்ச் சேருவார்கள். அது இவன்களுக்குச் சிரிப்பு.

"இதில் சிரிக்க என்ன இருக்கிறது? எடுத்துவிடுங்கள்" என்று அக்கா எல்லோருக்கும் போகும்படி எழுதினாள். ஜோக்கை ஜோக்காக எடுத்துக்கொள்ளத் தெரியாதவள், குழுவைக் கெடுக்க வந்தவள், மன்னிப்புக் கேட்கட்டும் என்று பதில்கள் கொட்டின. குழுவை நடத்திய சீனியர் ராணிப்பேட்டையிலிருந்து போனே பண்ணிவிட்டார்.

"இன்னாம்மா இவ்ளோ கோவம்? உனக்கு எதுனா நடந்துச்சா?"

"கோவம் வர்றதுக்கு எனக்கு நடந்திருக்கணுமா அண்ணா?"

அவர் போனை வைத்துவிட்டார். மறுநாள் குழுவிலிருந்து அக்காவை நீக்கினார்கள். ஜோக் அனுப்பியவன் அப்படியே இருந்தான்.

அதோடு விட்டார்களா? 'அவளுக்கு என்னமோ ஆகியிருக்கு' என்று கம்பெனி கம்பெனியாகப் பேச்சு பரவியது. அக்காவுக்கு நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளையும் தோல் தொழில்தான், அவர் காதுக்கு எட்டாமல் இருக்குமா? எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பெயர்களை அறிவித்து ஓலை வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். முதல் ஓலை வாசித்த அன்று சாயங்காலமே மாப்பிள்ளையின் அம்மா பெரியம்மா வீட்டுக்கு வந்தார்.

"நாலு பேரு நாலு விதமா பேசுறாங்கம்மா. ஒண்ணும் நடக்கலன்னு உன் வாயால சொல்லிடு, போதும்."

பெரியம்மா அழுதே விட்டார். "ஒரு வார்த்தைதானேடி, சொல்லித் தொலையேன்! கல்யாணம் நின்னுடும்டி!"

அக்கா எழுந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"நடந்திருந்தா நான் கம்மியா அத்தை?"

அந்த அம்மா காபியைக்கூடத் தொடாமல் கிளம்பினார். இரண்டாவது ஓலை வாசிக்கப்படவில்லை. அக்கா சென்னையில் வேலை தேடிக்கொண்டாள்.

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் அந்தச் சீனியர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். குழு இப்போது போனுக்கு மாறிவிட்டது, நடத்துவது அவரேதான். பிரியாணியைப் பிசைந்துகொண்டே மெதுவாகக் கேட்டார்: "ஆமா, உங்க அக்காவுக்கு நெஜமாவே எதுனா நடந்துச்சா?"

சாப்பாட்டை விட்டு எழுந்துவிட்டேன். நடந்ததா இல்லையா என்று இங்கேயும் எழுதமாட்டேன். அந்த ஜோக்கை அனுப்பியவனிடம் இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட ஒரு கேள்வி கேட்டதில்லை.