ஒலக்கூர் விமானத்துக்கு ஒயர் இழுத்தவள்

வண்டி நின்றுவிட்டால் இன்ஜினைத் திட்டுபவர்களைவிட, "ஒயரிங் போட்டவங்க யாரு?" என்று தேடி வருபவர்கள்தான் அதிகம். திண்டிவனத்தில் பதினாறு வருஷமாக டிராக்டர், லாரி, நெல் அறுக்கும் மெஷின் எல்லாவற்றுக்கும் ஒயரிங் செய்கிறோம். என் கணவர் சேகர் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு மாட்டுவார். நான் மேசையில் ஒயர் வெட்டி, நுனியில் லக் என்கிற செம்புக் கொண்டியை அமுக்கி, ஒயர்களை இணைக்கும் கப்ளர் சொருகித் தருவேன். இதே தொழிலில் திட்டு வாங்கும் உங்களுக்கு, எனக்கு வாய்த்த ஒரு கஸ்டமரைப் பற்றிச் சொன்னால் புரியும்.

எந்த வண்டிக்கு?

முதல் நாள் வந்தவர், இருப்பதிலேயே நல்ல ஒயரில் அரை அடி கேட்டார். கொடுத்ததும் வாசலுக்குப் போய் லைட்டரால் கொளுத்தினார். குப்பென்று கறுப்புப் புகை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எந்த வண்டிக்குன்னு சொல்லுங்க பாய், அதுக்கு ஏத்ததா தர்றேன்" என்றேன்.

அவர் பெயர் யூசுப். கோட்டக்குப்பத்துக்காரர். வளைகுடாவில் விமானங்களுக்கு ஒயரிங் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். ஒலக்கூர் பக்கம் ஒரு ஷெட்டில், ரெண்டு பேர் உட்காரும் சின்ன விமானத்தைத் தானே கட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"டிராக்டர்ல பொகை வந்தா குதிச்சிடலாம்மா. மேல, மூடின கண்ணாடிக்குள்ள, இந்தப் பொகைய வெச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன்?"

ஈயம்

சென்னைக்கு ஆள் அனுப்பி, அவர் எழுதிக் கொடுத்தபடியே வெள்ளை ஒயர் வரவழைத்தேன். ஒல்லியாக இருந்தது. தீயைக் காட்டினால் கருகும், எடுத்ததும் அணைந்துவிடும். சரி, நம் கைத்திறமையையும் காட்டுவோம் என்று நாலு லக்குக்குப் பளபளவென ஈயம் வைத்துக் கொடுத்தேன். நாலையும் வெட்டிப் போட்டார்.

ஈயம் ஏறின இடம் வரை கம்பி விறைத்துப்போகுமாம். இன்ஜின் அதிர அதிர, விறைப்பு முடியும் இடத்தில் ஒடியுமாம். ஒயர் என்ன கனமோ அதே அளவு லக், அதற்கென்று உள்ள பிளையரால் ஒரே அமுக்கு, அதுதான் விமானத்துக்கு. எனக்கு முகம் சுண்டிவிட்டது. இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த சேகர் லாரிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார்.

"அப்போ அந்தக் கோலியனூர்க்காரரு நெல்லறுக்கிற மெஷினு வருஷா வருஷம் அதே எடத்துல அறுந்துக்கினு வர்றது நம்ம கைவண்ணம்தானா?"

ரெண்டு றெக்கை

றெக்கை ரெண்டையும் கழற்றி மாட்டலாம். ஒவ்வொன்றின் விளக்குக்கும் ஒரு கப்ளர். பாய் ரெண்டுக்கும் ஒரே மாதிரி எடுத்து வைத்திருந்தார். "வேணாம் பாய்" என்றேன். ஒருமுறை விழுப்புரத்து விவசாயி ஒருவரின் டிரெய்லருக்கு நான் அப்படித்தான் போட்டேன். யாரோ மாற்றிச் சொருகிவிட, அவர் வலப்பக்கம் திரும்பும்போது இடப்பக்க விளக்கு எரிந்திருக்கிறது. என் கடை வாசலில் அவர் பேசியதை இங்கே எழுத முடியாது. அதனால் ஒரு றெக்கைக்கு நாலு பின், இன்னொன்றுக்கு ஆறு பின் போடச் சொன்னேன். தப்பாகச் சொருக நினைத்தாலும் ஏறாது.

பாய் ரெண்டையும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் புக்கைப் பாத்துக் கத்துக்கினேன். நீ திட்டு வாங்கியே இவ்ளோ கத்துக்கினு இருக்கியே!"

பாத்திமா அக்கா

ஒரு மத்தியானம் பாயின் மனைவி தனியாக பஸ் ஏறி வந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "ஒயர் கெடைக்கலன்னு சொல்லிடேன். உனக்குப் புண்ணியமா போவும்" என்றார். நான் இல்லையென்றால் அவர் வேறெங்காவது வாங்குவார், அது எப்படி இருக்குமோ தெரியாது என்றேன். அக்கா மேசையில் நம்பர் ஒட்டி வைத்திருந்த ஒயர்களில் எது இன்ஜினுக்குப் போகிறது என்று கேட்டார். காட்டினேன். அதை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"உன் வூட்டுக்காரரு ஏறிப் போற வண்டின்னு நெனச்சிக்கினு செய்யி."

ரெண்டு லக்

அப்படி நினைத்துத்தான் செய்தேன், ரெண்டு லக்கைத் தவிர. இன்ஜினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்பின் ஒயருக்குச் சரியான அளவு லக் தீர்ந்துபோயிருந்தது. பார்சல் வர ஒரு வாரம் ஆகும். பெரிய லக்கை எடுத்து, கம்பியை மடித்து உள்ளே திணித்து அமுக்கினேன். டிராக்டருக்கு எத்தனையோ தடவை செய்த வேலை. இழுத்துப் பார்த்தேன், நின்றது. பாயிடம் சொல்லவில்லை.

இன்ஜினை முதல்முதலாக ஓட்டப்போகிற அன்று காலையில் இட்லித் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். சேகரிடம் லக் விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே பைக்கை எடுத்தார். நாங்கள் ஒலக்கூர் போய்ச் சேர்ந்தபோது பாய் ஸீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டிருந்தார். "ஸ்டார்ட் பண்ணாதீங்க பாய்" என்று கத்தினேன். ரெண்டு லக்கையும் எப்படிப் போட்டேன் என்று சொன்னேன்.

அவர் இறங்கிவந்து ஒயர் கட்டுகளை அவிழ்த்து, ரெண்டு லக்கையும் பிடித்து இழுத்தார். ஒன்று நின்றது. இன்னொன்று கையோடு வந்துவிட்டது. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அடிப்பார் என்றால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

"மேல கழண்டிருந்தா பெட்ரோல் நின்னு போயிருக்கும்மா. ஆனா நீ வந்து சொன்ன. உக்காரு, மிச்சத்தையும் ஒண்ணொண்ணா இழுத்துப் பாப்போம்."

தரையில் ஒரு ரவுண்டு

எல்லாவற்றையும் பார்த்து முடிக்கப் பத்து நாள் ஆனது. அதற்கப்புறம் இன்ஜின் ஓடியது. ரெண்டு றெக்கை விளக்கும் எரிந்தன. மீட்டர் முள் எதுவும் ஆடவில்லை. பறப்பதற்கான அனுமதி இன்னும் வரவில்லை என்பதால், ஷெட்டுக்கு முன்னாலிருந்த மண்தரையில் மெதுவாக ஓட்டிக் காட்டினார். பக்கத்து வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வரப்பில் வரிசையாக நின்றார்கள்.

யாரும் கூப்பிடாமலேயே பாத்திமா அக்கா பக்கத்து ஸீட்டில் ஏறினார். போகும்போது கம்பியைப் பிடித்திருந்த கை, திரும்பி வரும்போது மடியில் இருந்தது. இன்ஜின் நின்றது. முக்காட்டில் படிந்திருந்த செம்மண்ணைக்கூட அவர் தட்டவில்லை.

"மேல போறதுக்குக் காயிதம் மெதுவாவே வரட்டும், இப்ப தரையிலயே இன்னொரு ரவுண்டு போலாங்களா?"

பதினாறு வருஷத்தில் நான் ஒயரிங் செய்து கொடுத்த வண்டிகளிலேயே, எந்தக் காலத்திலும் ரிப்பேருக்கென்று என்னிடம் திரும்பி வந்துவிடக் கூடாது என்று தொழிலுக்கு விரோதமாக நான் வேண்டிக்கொள்வது இந்த ஒன்றுக்காகத்தான்.