வாங்க வந்தவர்கள் திரும்பிப் போன வீடு

நாங்கள் குடியிருந்த வீட்டை யாராவது வாங்கிவிட வேண்டும் என்று ஒரு வருடமாக அல்லாஹ்விடம் அழுது துஆக் கேட்டவள் நான். கல்முனைக்குடியில் என் வாப்பா எனக்குச் சீதனமாகக் கட்டித் தந்த வீடு அது. பிறகு என் மகளுக்குப் போக வேண்டியது. கணவரின் துணிக்கடைக்காக அதன் உறுதிப் பத்திரத்தை வங்கியில் ஈடு வைத்தோம். கடை படுத்துவிட்டது.

வங்கியில் ஒரு வழி சொன்னார்கள். கடனை அடைக்கக் காணாத விலைக்கு விற்றாலும் அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு மிச்சக் கடனை விட்டுவிடுவார்களாம். ஆனால் அந்த விலைக்குக் கொழும்புத் தலைமையகத்திலிருந்து சம்மதக் கடிதம் வர வேண்டும். வங்கி தந்த தவணைக்குள் விற்காவிட்டால் ஏலம். வீடும் போகும், மிச்சக் கடனும் எங்கள் தலையில் நிற்கும்.

முதலில் வந்தவர் கட்டாரில் வேலை செய்தவர். விலை பேசி, தேநீர் குடித்துவிட்டுச் சந்தோசமாகப் போனார். ஒரு மாதத்தில் நாங்கள் போன் எடுத்தாலும் பதில் இல்லை. ஏலத்துக்கு வந்தால் இன்னும் மலிவாக எடுக்கலாம் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்து வந்தவர் சவளக்கடைப் பக்கம் வயல் செய்யும் ஒரு காக்கா; அண்ணன் முறையில் அப்படித்தான் அழைப்போம். மகளின் கலியாணத்துக்கு வீடு தேடினார். எங்கள் ஊர்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், வீடு இல்லாமல் கலியாணப் பேச்சே நிலைக்காது. நோன்புக்கு முன் விலை பேசினோம். நோன்பு முடிந்தது, பெருநாளும் போனது, கடிதம் வரவில்லை. ஒரு நாள் காக்கா வந்து வாசலிலேயே நின்றார்.

"மாப்பிள்ள ஊட்டாக்கள் இனியும் பொறுக்க மாட்டாங்களாம் தங்கச்சி. நான் வேற ஊடு பாக்கப் போறன், கோவிச்சிக்காதீங்க."

ஓம் காக்கா என்றேன். கணவர் அன்றோடு பேச்சையே நிறுத்திவிட்டார்.

அதன் பிறகு தொழுகைப் பாயில் நான் கேட்டதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த மனிசருக்கு வேறு வீடு கிடைக்கக் கூடாது என்று கேட்டேன். ஒரு நாள் இல்லை, பல நாள். ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு என் மகள் பின்னால் நின்று அதைக் கேட்டுவிட்டாள்.

"உம்மா, அந்தப் புள்ளைக்கும் கலியாணம்தானே."

ஒரு குமர்ப்பிள்ளையின் கலியாணத்துக்கு எதிராக இன்னொரு குமரின் தாயான நான் கையேந்தியிருக்கிறேன். அழுதுகொண்டே மாற்றிக் கேட்டேன்: "எங்கட ஊடோ வேற ஊடோ, அந்தப் புள்ளைக்கு ஒரு ஊட்டக் குடு ரப்பே. எங்கள நீயே பாத்துக்க."

தவணை முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது. நாலாம் நாள் காக்கா திரும்பி வந்தார். கூடவே அவருக்கு மருமகனாக வரப்போகிறவர். பேசியதும் அவர்தான்.

"கலியாணத்த முடிச்சிட்டு, கடிதம் வரும் வரைக்கும் நாங்க எங்கட உம்மாட ஊட்டுல இருப்பம் மாமி. ஊரு கதைச்சாக் கதைச்சிட்டுப் போகட்டும்."

எங்கள் பக்கத்தில் ஒரு மாப்பிள்ளை அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. எங்கள் வீட்டையே வாங்குவதாக அவர்கள் எழுதிக் கொடுத்ததைக் காட்டியதும் வங்கி ஏலத்தைத் தள்ளி வைத்தது. அவர்களின் நிக்காஹ் முடிந்து மூன்றாம் வாரம் கடிதம் வந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

வீட்டுத் திறப்புக் கொத்தை அவர்கள் கையில் கொடுத்த அன்று அழுதேன், மறைக்கவில்லை. இப்போது இரண்டு அறை வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் வேறொருவரின் கடையில் வேலைக்கு நிற்கிறார். சாப்பிடும்போது மறுபடியும் பேசுகிறார்.

என் மகளுக்கு இன்னும் வீடு இல்லை. அதையும் அந்த ரப்பிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன். என்னைப் போலக் கையேந்தி நிற்கிற சகோதரிகளே, நீங்களும் அவனிடமே கேளுங்கள். உங்கள் பிள்ளைகளை என் துஆவில் முதலில் சொல்கிறேன். உங்கள் துஆவில் என் மகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.